லிஸ்பன் மாநகரின் ஊர்திகள்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தவாறு அமைந்துள்ள நாடு போர்ச்சுகல். அதன் தலைநகரம் லிஸ்பன். டேகஸ் என்னும் பேராறு கடலை அடையும் முகத்துவாரத்தின் வடகரையில் இந்நகரம் வீற்றிருக்கிறது. இதனை ஏழு குன்றுகளின் நகரம் என்று கூறுவது நெடுநாளைய வழக்கு. நடந்து பார்ப்பவர் ஏழோடு எண்ணிக்கையை நிறுத்த மாட்டார். ஒரு மேட்டில் ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால், எதிரே இன்னொரு மேடு நிற்கும்; இரண்டுக்கும் இடையே ஆழ்ந்த பள்ளம் கிடக்கும்.

சமவெளியில் அமைந்த நகரில் எங்கும் ஒரே வகை வண்டியை ஓட்டலாம். லிஸ்பனில் அஃது இயலாது. ஆகவே இந்நகரத்தார் சந்துக்கென ஓர் ஊர்தியும், செங்குத்தான சரிவுக்கென ஓர் ஊர்தியும், ஆற்றுக்கென ஓர் ஊர்தியும் அமைத்துக்கொண்டனர். வெளியூரிலிருந்து வருவோர் இவற்றைப் படம்பிடித்து மகிழ்கின்றனர். குன்றின்மேல் குடியிருக்கும் முதியவர்க்கோ இவை வேடிக்கைப் பொருள்கள் அல்ல. இந்நகரின் நடைபாதைகள் சிறு சிறு கற்கள் பதிக்கப்பெற்றவை. பல்லாண்டுக் கால நடையால் வழவழப்பேறிய அக்கற்கள் மழை பெய்தால் வழுக்கும். காய்கறிப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு அச்சரிவில் ஏறுவது எளிதன்று. வண்டி ஓடாத நாளில் கடைத்தெருவும் மருத்துவமனையும் அம்முதியவர்க்கு வெகுதொலைவாகிவிடும்.

நகரின் தெருக்கள் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றதற்கு ஒரு பேரிடரும் காரணமாகும். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காலையில் லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த திருநாள் அது. நிலம் அதிர்ந்து அடங்கியதும் கடல் பொங்கி ஆற்றின் வழியே நகருக்குள் புகுந்தது. எஞ்சியதைத் தீ எரித்தது. பள்ளத்தாக்கிலிருந்த நகரின் நடுப்பகுதி அழிந்தது. அமைச்சராயிருந்த பொம்பால் என்பார் அதனைச் சதுரங்கக் கட்டம் போன்ற நேர்தெருக்களாகத் திரும்பவும் அமைப்பித்தார். அப்பகுதிக்குப் பைஷா என்று பெயர். தாழ்ந்த இடம் என்பது அதன் பொருள். அதன் கிழக்கே, குன்றின் சரிவிலுள்ள அல்ஃபாமா என்னும் பழம்பகுதி பெரும்பாலும் தப்பியது. அங்கே வளைந்து நெளியும் சந்துகளும் படிக்கட்டுகளும் பழைய நிலையிலேயே இருக்கின்றன. சில அடி தொலைவில் அகன்ற நேர்தெருவும் குறுகிய சந்தும் அடுத்தடுத்து நிற்பது இதனால்தான்.

லிஸ்பனில் பொதுமக்களுக்கான வண்டிகளை ஓட்டிவரும் நிறுவனத்தின் பெயர் காரிஸ். அது 1872ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டில் இருப்புப்பாதை மீது விலங்குகள் இழுக்கும் வண்டிகள் லிஸ்பன் தெருக்களில் ஓடத் தொடங்கின. மாடும் குதிரையும் சமதரையில் வண்டியை நன்றாக இழுக்கும். செங்குத்தான மேட்டில் என்ன செய்யும்? ஆகவே மேட்டுக் குடிகளுக்கு அவ்வண்டிகளால் பெரும்பயன் விளையவில்லை. 1901ஆம் ஆண்டில் மின்சார டிராம் வந்தது. குன்றுகளின் மீது வண்டி ஏறும் காலம் அதன் பின்னரே பிறந்தது.

இவ்வண்டிகளின் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 90 சென்டிமீட்டரே. குறுகிய பாதை, குட்டையான வண்டி, முன்னும் பின்னுமாக இரண்டே அச்சுகள். கூர்மையான வளைவிலும் திரும்புவதற்கு இவ்வமைப்பே துணை செய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டிராம் பாதைகள் நகரெங்கும் பரவியிருந்தன. பிறகு பேருந்துகள் பெருகின. நிலத்தடி இரயிலும் வந்தது. அகன்ற சாலைகளிலிருந்து டிராம்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. ஆயினும் பெரிய பேருந்து நுழைய முடியாத சந்துகளிலிருந்து அவற்றை விலக்க முடியவில்லை. நகரின் மிகக் கடினமான வழிகளே டிராமைக் காப்பாற்றின என்று கூறின் அது மிகையாகாது.

அவ்வாறு எஞ்சிய வழிகளுள் புகழ் வாய்ந்தது 28ஆம் எண் டிராம் வழி. மார்த்தீம் மொனீஷ் என்னும் சதுக்கத்தில் புறப்படும் மஞ்சள் நிற வண்டி, கிராசா குன்றின்மேல் ஏறி, அல்ஃபாமாவின் சந்துகளில் இறங்கி, பைஷாவைக் குறுக்கே கடந்து, எதிர்க்குன்றில் மறுபடியும் ஏறி, நகரின் மேற்கேயுள்ள காம்ப்பு டி ஓரீக் பகுதியை அடைகிறது. நூறு மீட்டர் தொலைவு செல்வதற்குள் ஏறத்தாழ 13 மீட்டர் உயரம் ஏறும் இடங்களும் அவ்வழியில் உண்டு. பற்சக்கரமோ வடமோ இல்லாமல், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பு ஒன்றினாலேயே அவ்வண்டி ஏறுகிறது என்பது வியப்புக்குரியது. இன்று ஓடும் வண்டிகளின் மர உடல்கள் 1930களில் செய்யப்பட்டவை. 1990களில் அவற்றிற்குப் புதிய மோட்டார்களும் தடைக்கருவிகளும் பொருத்தினர். ஆகவே அவை தோற்றத்தில் முதியவை, உள்ளுறுப்பில் இளையவை.

டிராம் ஓட்டுபவரை லிஸ்பன் மக்கள் அழைக்கும் பெயர் கருதத்தக்கது. 'தடையைக் காப்பவர்' என்பது அதன் பொருள். மேட்டு நகரில் வண்டியைச் செலுத்துவதினும் நிறுத்துவது பெரிது என்பதை அப்பெயர் வைத்தவர் அறிந்திருந்தனர் போலும். அல்ஃபாமாவின் ஓரிடத்தில் ஒரே ஒரு தண்டவாளப் பாதைதான் உண்டு. எதிரில் வரும் வண்டி கடக்கும் வரையில் விளக்கு அடையாளத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். வண்டி செல்லும்போது தெருவில் நடப்போர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வர். உள்ளே அமர்ந்தவர் கையை நீட்டினால் வீட்டுச் சுவரைத் தொட்டுவிடலாம்; நீட்டுவது தகாது.

வண்டியின் ஜன்னல் வழியே இவற்றைப் பார்க்கும் தமிழருக்கு ஒன்று நினைவில் வரவேண்டும். ஜன்னல் என்ற சொல்லே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. சாவியும் மேசையும் அவ்வழி வந்தவையே.

28ஆம் எண் வண்டியின் புகழே இப்போது அதற்குச் சுமையாகியிருக்கிறது. உலகெங்குமிருந்து வரும் பயணிகள் புறப்படும் இடத்தில் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். அவ்வண்டியில் ஏறத்தாழ இருபது பேரே அமரலாம். நடுவழியில் நிற்கும் ஊர்க்காரர்க்கு, நிறைந்து வழியும் வண்டி கண்முன்னே நில்லாமற் போவதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நெரிசலில் பணப்பையைத் திருடுவோரும் ஏறிக்கொள்கின்றனர். அமைதியாகக் காண விரும்புவோர் விடியற்காலையில் ஏறுவர். அல்லது அதே வகை வண்டிகள் ஓடும் பிற வழிகளுள் ஒன்றைத் தேர்வர். இந்த அறிவு ஊராருக்கும் நன்மை செய்யும்.

டிராமும் ஏற இயலாத சரிவுகள் சில உண்டு. அவற்றுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடம் பூட்டிய ஊர்திகள் அமைக்கப்பட்டன. 1884இல் லாவ்ரா, 1885இல் குளோரியா, 1892இல் பிக்கா என்னும் தெருக்களில் அவை ஓடத் தொடங்கின. இவற்றைத் திட்டமிட்டவர் ரவுல் மெனியே டு பொன்சார் என்னும் பொறியாளர். போர்த்தோ நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர்.

இவ்வூர்தி இயங்கும் முறை எளியது. கிணற்று இராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டி நீர் இறைப்பதைக் கண்டிருப்போர் இதனை உடனே அறிந்துகொள்வர். ஒரு வாளி இறங்கும்போது மற்றொன்று ஏறும்; இறங்குவதன் எடை ஏறுவதற்கு உதவும். அதுபோலவே, தெருவின் அடியில் ஓடும் ஓர் எஃகு வடத்தின் இரு முனைகளிலும் இரு வண்டிகள் பூட்டப்பட்டிருக்கும். வடம் உச்சியிலுள்ள உருளையைச் சுற்றி வரும். ஒன்று மேலிருந்து புறப்படும் நேரத்தில் மற்றது கீழிருந்து புறப்படும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். தொடக்கத்தில் மேல்வண்டியின் தொட்டியில் நீரை நிரப்பி, அந்த எடையால் கீழ்வண்டியை இழுத்தனர். பின்னர் நீராவியைக் கையாண்டனர். ஏறத்தாழ 1914-15ஆம் ஆண்டுகளிலிருந்து மின்சாரம் அப்பணியை ஏற்றது. சரிவில் நின்றாலும் உள்ளே இருப்பவர் சாயாதிருக்கும்படி வண்டியின் தளம் மட்டமாக அமைக்கப்பட்டது. பிக்கா வண்டியிலோ அறைகள் படிக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 2002ஆம் ஆண்டில் இம்மூன்றும் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆயின.

இவற்றுள் குளோரியா ஊர்தி, ரெஷ்டவுரதோரெஷ் சதுக்கத்தையும் பைரு ஆல்ட்டு என்னும் மேட்டுப்பகுதியையும் இணைத்தது. வழியின் நீளம் கால் கிலோமீட்டரைச் சற்றே கடந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அதனை நம்பி ஏறினர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாலை, மேலிருந்து புறப்பட்ட வண்டியில் வடம் பூட்டப்பட்டிருந்த இடத்தில் விடுபட்டது. தடைகாப்பவர் தம் கடமையை மறக்கவில்லை. உடனே தடைகளைப் போட்டார். வண்டி நிற்கவில்லை. ஒரு நிமிடத்திற்குள் தெருவளைவில் தடம் புரண்டு கட்டடத்தின்மேல் மோதி நொறுங்கியது. பதினாறு உயிர்கள் மாண்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தடைகாப்பவரும் இறந்தார். மாண்டவருள் பலர் அயல்நாட்டார். நாள்தோறும் அவ்வண்டியில் பணிக்குச் சென்று வந்த நகரத்தாரும் அவருள் இருந்தனர்.

அன்று காலையிலும் வண்டியைச் சோதித்திருந்தனர். ஆனால் வடம் பூட்டியிருந்த இடம், உறுப்புகளைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாதது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான ஆய்வாளரின் முதல் அறிக்கை, அங்குப் பொருத்தப்பட்டிருந்த வடம் மக்களை ஏற்றிச் செல்வதற்குச் சான்று பெறாத வகையைச் சேர்ந்தது என்று கூறியது. வடம் அற்றுப்போனால், வண்டியிலுள்ள தடைகள் மட்டும் அதனை நிறுத்தப் போதா என்பதும் அவ்வறிக்கையால் வெளிப்பட்டது. அப்படியானால், அத்தனை ஆண்டுகளும் மக்களின் உயிர் அந்த ஒரு வடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பின் மற்ற வட ஊர்திகளையும் சோதனைக்காக நிறுத்தினர். அவற்றுள் 2024இல் கிராசா குன்றுக்கெனத் திறக்கப்பட்ட புதிய ஊர்தியும் ஒன்று. நின்ற நாள்களில் மேட்டுத் தெருவினர் மீண்டும் கால்நடையாகவே ஏறினர்.

மெனியே டு பொன்சார் சரிவில் ஓடும் வண்டியோடு நிற்கவில்லை. பைஷாவிலிருந்து மேலேயுள்ள கார்மு சதுக்கத்துக்கு நேர்செங்குத்தாக ஏறும் மின்தூக்கி ஒன்றையும் அமைத்தார். 1902இல் திறக்கப்பட்ட சாந்தா ஜுஸ்தா தூக்கி அதுவே. ஏறத்தாழ 45 மீட்டர் உயரமுள்ள அவ்விரும்புக் கோபுரம் பின்னல் வேலைப்பாடு மிக்கது. உச்சியிலிருந்து ஒரு நடைபாலம் குன்றுக்குச் செல்கிறது. இப்போது அதில் ஏறக் காத்திருப்போர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளே. ஊர்க்காரர் வேறு வழிகள் அறிவர். பைஷாவின் ஒரு தெருவில் பழைய வீடு ஒன்றினுள் நுழைந்தால் கட்டணமில்லாத மின்தூக்கி உண்டு. கோட்டைக் குன்றின் பாதிவழிக்கு அது ஏற்றிவிடும். நிலத்தடி இரயிலின் பைஷா-ஷியாது நிலையம் தரைமட்டத்தின் கீழ் மிக ஆழத்தில் உள்ளது. அதன் ஒரு வாயில் பள்ளத்திலும் மற்றொரு வாயில் மேட்டிலும் திறக்கின்றன. ஒரு வாயிலில் புகுந்து, இயங்கும் படிக்கட்டுகளில் நின்றபடியே மறுவாயிலில் வெளிவருவோர் பலர். இரயிலில் ஏறுவது அவர்களுடைய நோக்கமன்று. மேடு ஏறுவதே நோக்கம்.

அந்நிலத்தடி இரயில் 1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பதினொரு நிலையங்களுடன் தொடங்கியது. அப்போது அதன் பாதை கவட்டைக் கழியின் வடிவில் இருந்தது. இன்று நான்கு தடங்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட நிலையங்களும் உள்ளன. நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு என நிறங்களால் தடங்களைக் குறிப்பர். முதல் நிலையங்கள் பலவற்றின் சுவர்களை மரியா கெய்ல் என்னும் ஓவியப் பெண்மணி வண்ண ஓடுகளால் அழகு செய்தார். ஓடு பதிப்பது போர்ச்சுகல் நாட்டின் பழங்கலை. வீட்டு முகப்பிலிருந்த அக்கலையை அவர் நிலத்தடிக்குக் கொண்டு சென்றார். 2012ஆம் ஆண்டிலிருந்து சிவப்புத் தடம் விமான நிலையம் வரை செல்கிறது.

ஆற்றங்கரையோரமாக மேற்கே செல்வதற்கு 15ஆம் எண் டிராம் உண்டு. கரை சமமானது, ஆகவே அங்கு நீண்ட புதிய வண்டிகளும் ஓடுகின்றன. அவ்வழியில் உள்ள பெலேம் என்னும் இடத்திலிருந்துதான் 1497ஆம் ஆண்டு ஜூலை மாதம் வாஸ்கோ ட காமா இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார். லிஸ்பனுக்கும் தமிழுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1554ஆம் ஆண்டில் இந்நகரத்து அச்சகம் ஒன்றில் தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது. அச்சமய நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளில் அமைந்திருந்தன.

இனி ஆற்றைக் காண்போம். நகருக்கு எதிரே டேகஸ் ஆறு கடலின் ஒரு கிளைபோல் அகன்று கிடக்கிறது. தென்கரையில் அல்மாதா, செய்ஷல், பரேய்ரு முதலிய ஊர்கள் உள்ளன. அவ்வூர்களின் மக்களுள் பல்லாயிரவர் நாள்தோறும் லிஸ்பனுக்குப் பணிக்கு வருகின்றனர். 1966ஆம் ஆண்டு வரை நகரின் முன்னே ஆற்றுக்குப் பாலமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் திறக்கப்பட்ட தொங்குபாலம் அந்நாளில் சர்வாதிகாரி சலசாரின் பெயரைத் தாங்கி நின்றது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நிகழ்ந்த புரட்சிக்குப் பின், அந்நாளின் பெயரே பாலத்தின் பெயராயிற்று. 1999ஆம் ஆண்டில் அதன் கீழ்த்தளத்தில் இரயிலும் ஓடத் தொடங்கியது.

பாலம் வந்தபின்னும் படகுகள் ஒழியவில்லை. காயிஷ் டு சுத்ரே துறையிலிருந்து எதிர்க்கரையின் கசீல்யாஷ் துறைக்கு ஏறத்தாழப் பத்து நிமிடப் பயணம். ஊரின் பெயரை ஒட்டிப் படகுக்கே 'கசில்யேய்ரு' என்ற பெயர் வழங்குகிறது. பாலத்தில் வண்டிகள் நெருங்கி நகராது நிற்கும் காலை வேளையில், கீழே படகு தன் வழியே போய்க்கொண்டிருக்கும்.

இத்தனை வகை ஊர்திகள் இருந்தும், பயணச்சீட்டு முறை நெடுங்காலம் மக்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. படகுக்கு ஒன்று, இரயிலுக்கு ஒன்று, புறநகர்ப் பேருந்துக்கு ஒன்று என நூற்றுக்கணக்கான சீட்டு வகைகள் இருந்தன. நகருக்குத் தொலைவில் குறைந்த வாடகையில் குடியிருந்தோரே மிகுந்த கட்டணம் செலுத்தினர்; மாதந்தோறும் நூறு யூரோவுக்கும் மேல் கொடுத்தவர் உண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் இம்முறை மாறியது. ஒரு நகராட்சிக்குள் செல்ல மாதம் 30 யூரோ, லிஸ்பன் வட்டாரத்தின் பதினெட்டு நகராட்சிகளுக்கும் செல்ல 40 யூரோ என இரண்டே கட்டணங்கள் விதிக்கப்பட்டன. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. அச்சீட்டுக்கு 'நாவெகாந்தே' என்று பெயரிட்டனர். கடலோடி என்பது அதன் பொருள். டிராம், பேருந்து, நிலத்தடி இரயில், புறநகர் இரயில், படகு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அட்டையே போதும். ஏறும் இடந்தோறும் அதனைக் கருவியில் ஒற்றியெடுக்க வேண்டும். ஓட்டுநரிடம் பணம் கொடுத்துச் சீட்டுப் பெறுவோர் அதிகம் செலுத்த நேரிடும். வெளியூரார் பலர் இதனை அறியாது இழக்கின்றனர்.

மாலையில் காயிஷ் டு சுத்ரே துறையில் நிற்பவர் இவ்வூர்திகள் யாவும் ஓரிடத்தில் கூடுவதைக் காணலாம். கடற்கரை ஊராகிய கஷ்காயிஷுக்குச் செல்லும் இரயில் அங்கிருந்து புறப்படுகிறது. பச்சைத் தடத்து இரயில் நிலத்தின் கீழே வந்து நிற்கிறது. டிராம் மணியடித்துக்கொண்டு வாயிலைக் கடக்கிறது. குன்றுகளிலிருந்து இறங்கிய மக்கள் கூட்டம், அட்டையை ஒற்றிவிட்டுப் படகுத்துறைக்குள் விரைகிறது. கதவு திறந்ததும் அனைவரும் தத்தம் வழக்கமான இடத்தை நாடி அமர்கின்றனர். அன்றாடம் செல்பவர் ஆற்றைப் பார்ப்பதில்லை; சிலர் கண்ணயர்கின்றனர். பாலத்தின் பின்னால் கதிரவன் கடலில் இறங்கும் நேரத்தில் படகு கசீல்யாஷை அணுகுகிறது. கயிற்றை வீசித் தூணில் கட்டுகின்றனர். பலகை விழுந்த ஓசையில் உறங்கினவர் விழித்தெழுந்து, கரையில் காத்திருக்கும் பேருந்தை நோக்கி நடக்கின்றனர்.